தண்ணீரும் தீயும்

காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்கள் கோயில்களைப் பார்க்கிறார்கள், பட்டுச் சேலை வாங்குகிறார்கள், திரும்பிவிடுகிறார்கள். வடமேற்கே ஆறேழு மைல் தள்ளி, வயல்களுக்கு நடுவே இருக்கும் கூரத்துக்குப் போகிறவர்கள் சிலர்தான். அந்தச் சிலரிலும் இரண்டு கட்சி உண்டு. கூரத்தாழ்வான் பிறந்த ஊர் என்று போகிறவர்கள் பெருமாள் கோயிலோடு திரும்புவார்கள். பல்லவர் செப்பேடு கிடைத்த ஊர் என்று போகிறவர்கள் சிவன் கோயிலோடு திரும்புவார்கள். ஒருவர் பார்த்ததை மற்றவர் பார்ப்பதில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என்ன என்று எனக்கு ஓர் ஆசை. செப்பேடு ஓர் ஊர் எப்படி உண்டாயிற்று என்பதைச் சொல்கிறது. கூரத்தாழ்வான் சரித்திரமோ அதே ஊரிலிருந்து ஒரு குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புறப்பட்டுப் போனதைச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே நானூறு வருஷ இடைவெளி. ஆனாலும் இரண்டும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதாக எனக்குத் தோன்றுகிறது. காலம் கெட்டுப் போயிருக்கும்போது, மனிதர்கள் ஒன்றுமில்லாத இடத்தில் மறுபடியும் குடித்தனம் தொடங்க வேண்டுமானால், அதற்கு என்னென்ன வேண்டும்?

முதலில் செப்பேட்டைப் பார்க்கலாம்.

நரசிம்மவர்ம பல்லவன் 642-இல் வாதாபியை வென்ற கதையை நாவல் படிக்கிற தமிழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ அதை வீடு வீடாகக் கொண்டு சேர்த்துவிட்டது. ஆனால் நாவல் முடிகிற இடத்தில் சரித்திரம் முடிவதில்லை. புலிகேசிக்கு ஒரு பிள்ளை இருந்தான். முதலாம் விக்கிரமாதித்தன் என்று பெயர். அவன் இழந்த வாதாபியை மீட்டுக்கொண்டான். பிறகு பழி தீர்க்கத் தெற்கே வந்தான். காஞ்சியைப் பிடித்ததாக அவனுடைய சாசனங்கள் சொல்கின்றன. 674-ஆம் ஆண்டில் அவன் காவிரியின் தென் கரையில், உறையூரில், பாசறை போட்டுத் தங்கியிருந்தான் என்பதற்குக் கத்வால் செப்பேடு சாட்சி. காஞ்சியிலிருந்து உறையூர் வரைக்கும் பகைவன் படை நடந்திருக்கிறது என்று இதற்கு அர்த்தம். யானையும் குதிரையும் லட்சக் கால்களும் நடந்த நிலத்தில் பயிர் என்ன இருக்கும், ஏரிக்கரை என்ன ஆகும் என்பதையெல்லாம் சாசனம் எழுதிய கவிகள் சொல்லவில்லை. நாம்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

அப்போது பல்லவ சிங்காதனத்தில் இருந்தவன் நரசிம்மவர்மனின் பேரன் முதலாம் பரமேசுவரவர்மன். திருச்சிராப்பள்ளிப் பக்கத்துப் பெருவளநல்லூரில் அவன் சாளுக்கியனை எதிர்த்து நின்றான். அவனுடைய யானைக்கு அரிவாரணம் என்று பெயர். குதிரைக்கு அதிசயம் என்று பெயர். கந்தைத் துணி ஒன்றை மட்டும் போர்த்துக்கொண்டு விக்கிரமாதித்தன் ஓடினான் என்று பல்லவனின் கவி எழுதிவைத்திருக்கிறார். யானை, குதிரை, கந்தைத் துணி இவற்றையெல்லாம் நமக்குச் சொல்வது கூரம் செப்பேடுதான். ஏழு ஏடுகள், மிகவும் சிதைந்துபோனவை. வடமொழியும் தமிழும் கலந்தவை. ஹூல்ட்சு என்ற ஜெர்மானிய அறிஞர் அவற்றைப் படித்து, 1890-இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியின் முதல் புத்தகத்தில் அச்சிட்டார்.

சரித்திரப் பாடம் எழுதுகிறவர்கள் போரோடு செப்பேட்டை மூடிவிடுகிறார்கள். எனக்கோ அதற்குப் பிறகு வருகிற பகுதிதான் ருசிக்கிறது. ஏனென்றால், போர் முடிந்த அரசன் என்ன செய்தான் என்பது அங்கேதான் இருக்கிறது.

அவன் கூரத்தில் ஒரு குளம் தோண்டச் செய்தான். பரமேசுவர தடாகம் என்று அதற்குப் பெயர். பாலாற்றிலிருந்து அந்தக் குளத்துக்கு ஒரு கால்வாய் வெட்டச் செய்தான். கால்வாயின் பெயர் பெரும்பிடுகு. பிடுகு என்றால் இடி, பெரும்பிடுகு, பேரிடி. வாய்க்காலுக்கு இடி என்று பெயர் வைத்தது வினோதமாக இருக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் மணலாகக் கிடந்துவிட்டு ஒரே ராத்திரியில் புரண்டு வரும் பாலாற்று வெள்ளத்தைப் பார்த்தவர்கள், பெயர் பொருத்தம்தான் என்பார்கள். இந்தக் காரியங்களோடு சிவபெருமானுக்கு ஒரு கோயில் ஏற்பட்டது. அதன் பெயர் வித்தியாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம். அதைச் சார்ந்து ஒரு மண்டபம். அப்போது கூரத்தில் நான்கு வேதமும் கற்ற குடும்பங்கள் 108 இருந்தனவாம்.

இவற்றையெல்லாம் நடத்திவைக்கப் பரமேச்சுரமங்கலம் என்று தன் பெயரையே தாங்கிய ஊரை அரசன் தானம் செய்தான். எப்படிக் கொடுத்தான் என்பதுதான் விசேஷம். ஊரை 25 பங்காகப் பிரித்தான். கோயில் பூசைக்கும், கோயில் பழுது பார்ப்பதற்கும் மூன்று பங்கு. அனந்தசிவாசாரியர், புல்லசர்மா என்ற இருவர் அதற்குப் பொறுப்பு. இருபது பங்கு சதுர்வேதிகள் இருபது பேருக்கு. மிச்சம் இரண்டு பங்கு. அதில் ஒன்று, மண்டபத்தில் தண்ணீருக்கும் தீக்கும். மற்றொன்று, அதே மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு.

இந்த இரண்டு பங்கைப் பற்றி யோசித்துப் பாருங்கள். மண்டபத்துக்கு யார் வருவார்கள்? ஊர்க்காரர்கள் கூடுவார்கள். வழிப்போக்கர்களும் தங்குவார்கள். களைத்து வருகிறவனுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும். இருட்டினால் விளக்கு வேண்டும். குளிர்ந்தால் நெருப்பு வேண்டும். அதற்குப் பிறகு? தாகம் தீர்ந்து, வெளிச்சத்தில் உட்கார்ந்தவனுக்கு ஒரு கதை வேண்டும். வீடு வாசலை இழந்து காட்டுக்குப் போன ஐந்து சகோதரர்களும் ஒரு பெண்ணும் மறுபடி வாழ்ந்த கதையைக் காட்டிலும் போர் பார்த்த ஜனங்களுக்கு ஏற்ற கதை எது? தண்ணீர், தீ, கதை. புதிதாகக் குடியேறுகிற மனிதர்களுக்கு இன்றியமையாதவை இவை என்று யாரோ ஒருவர், அரசனோ அவனுடைய கணக்கரோ, ஏழாம் நூற்றாண்டில் கணக்குப் போட்டிருக்கிறார்.

தொண்டை நாடு முழுவதுமே இப்படி உண்டான நாடுதான். காடுவெட்டி என்பது பல்லவர்களுக்கு வழங்கிய பெயர்களில் ஒன்று. தங்களைக் காடு வெட்டுகிறவர்கள் என்று ஓர் அரச வமிசம் அழைத்துக்கொண்டதென்றால், அந்தத் தொழிலுக்கு அன்று எத்தனை மதிப்பு இருந்திருக்க வேண்டும்! பெரிய நதி ஓடாத பூமி இது. பாலாறு ஏமாற்றுகிற ஆறு. ஆகையால் மழை நீரை ஏரிகளில் தேக்கித்தான் மனிதர்கள் பிழைத்தார்கள். காட்டை வெட்டுவது ஒரு வருஷ வேலை. ஏரியைக் காப்பது தலைமுறை தலைமுறையாகச் செய்கிற வேலை.

இனி இரண்டாவது கதை.

நானூறு வருஷம் கழித்து, அதே கூரத்தில் ஸ்ரீவத்ஸாங்கர் என்று ஒருவர் இருந்தார். கூரத்துக்கே தலைவர், பெரும் செல்வர். இவரைத்தான் பிற்காலத்தில் கூரத்தாழ்வான் என்கிறோம். மனைவியின் பெயர் ஆண்டாள். இவர்களைப் பற்றி நாம் அறிவதெல்லாம் ஆறாயிரப்படி முதலான குருபரம்பரை நூல்களிலிருந்துதான். பக்தர்கள் எழுதிய நூல்கள். கல்வெட்டைப் படிப்பதுபோல் அவற்றைப் படிக்கக் கூடாது. ஆனால் கல்வெட்டில் கிடைக்காத ஒன்று அவற்றில் கிடைக்கும். அது வீட்டுக்குள் நடந்த பேச்சு.

காலையிலிருந்து இரவு வரை அவர் மாளிகையில் ஏழைகளுக்கு அன்னமிடுவார்கள். வேலை முடிந்து இரவில் கதவைச் சாத்தும் ஓசை காஞ்சியில் பெருந்தேவித் தாயார் செவியில் விழுந்ததாம். ஆறேழு மைலுக்கு அப்பால் கதவு சாத்துவது கேட்டது என்பது எங்களைப் போன்ற கதைக்காரர்கள் கூடத் துணியாத கற்பனை. ஆனால் அதற்குள் ஓர் உண்மை இருக்கிறது. கொடுக்கிற கை எவ்வளவு பெரியதாக இருந்தாலும், செல்வம் ஓசைப்படாமல் இராது. தாயார் அதை விசாரித்தாள் என்று கேள்விப்பட்டதும் கூரத்தாழ்வானுக்கு உடம்பு கூசிவிட்டது. எல்லாவற்றையும் துறந்துவிட்டு, ராமாநுஜர் இருக்கும் திருவரங்கத்துக்குக் கிளம்பிவிட்டார். ஆண்டாளும் கூடவே கிளம்பினாள்.

கூரத்திலிருந்து திருவரங்கம் 150 மைலுக்கு மேல் இருக்கும். கால்நடையாகப் போனார்கள். வழியில் ஒரு காடு, இருட்டிவிட்டது. ஆண்டாள், “இங்கே பயம் ஏதேனும் உண்டோ?” என்று கேட்டாள். “மடியில் கனம் இருந்தாலல்லவா வழியில் பயம்? கையில் ஏதாவது வைத்திருக்கிறாயா?” என்றார் அவர். தேவரீர் அமுது செய்வதற்கு வேண்டுமே என்று பொன் வட்டில் ஒன்றை மட்டும் எடுத்து வந்தேன் என்றாள் அந்த அம்மாள். அவர் அதை வாங்கிக் காட்டில் எறிந்துவிட்டு, “இனிப் பயமில்லை, நட” என்றார்.

உபந்நியாசங்களில் இந்த இடம் வரும்போது கேட்பவர்கள் உருகிப்போவார்கள். வைராக்கியத்துக்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா என்பார்கள். வேண்டாம்தான். ஆனாலும் அந்த அம்மாளின் பக்கம் நின்றும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு மாளிகை நிறையப் பொருள் இருந்தது. நகை இருந்தது. பட்டு இருந்தது. அவற்றில் ஒன்றையும் அவள் தொடவில்லை. நாளைக்கு இவர் எதில் சாப்பிடுவார், எதில் தண்ணீர் குடிப்பார் என்றுதான் நினைத்தாள். அந்த வீட்டில் வட்டில் பொன்னால் செய்திருந்தது. அது அவள் குற்றமா? மண்ணால் செய்திருந்தால் மண் வட்டிலையே எடுத்துக்கொண்டிருப்பாள். அவர் கண்ணுக்குப் பொன் தெரிந்தது. அவள் கண்ணுக்கு வட்டில் தெரிந்தது. புதிய இடத்தில் குடித்தனம் தொடங்கப் புறப்படுகிற ஒவ்வொரு வீட்டிலும் இந்த இரண்டு பேரும் இருக்கிறார்கள். ஒருவர் விட்டுவிட வேண்டியதை அறிந்தவர். மற்றவர் கொண்டுபோக வேண்டியதை அறிந்தவர். சரித்திரம் முதலாமவரைத்தான் கொண்டாடும். வீடு இரண்டாமவரால் நடக்கும்.

திருவரங்கத்தில் அவர் உஞ்சவிருத்தி எடுத்துத்தான் காலம் தள்ளினார். வாசலில் அன்னமிட்டவர் வாசல் வாசலாகப் போனார். ஒரு நாள் விடாத மழை. வெளியே போக முடியவில்லை. இருவரும் பட்டினி. அவர் சாஸ்திர விசாரத்தில் ஆழ்ந்து பசியை மறந்துவிட்டார். அவளால் மறக்க முடியவில்லை. இரவில் கோயிலில் அமுது செய்விக்கும் ஓசை கேட்டது. ‘உன்னுடைய அடியார் இங்கே பட்டினி கிடக்க, நீ அங்கே அமுது செய்கிறாயே!’ என்று மனத்துக்குள் நினைத்தாள். சற்று நேரத்தில் கோயிலிலிருந்து பிரசாதம் வந்து சேர்ந்தது. “நீ ஏதாவது நினைத்தாயா?” என்று கேட்டார் கணவர். அவள் ஒளிக்கவில்லை. அந்தப் பிரசாதத்தை உண்டதன் பயனாகவே அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள் என்பது ஐதிகம். ராமாநுஜர் அவர்களுக்குப் பராசரர், வேதவியாசர் என்று பெயர் சூட்டினார். ஆக, அந்தக் குடும்பம் தழைத்ததே காட்டில் வட்டிலை இழந்தவளின் கவலையினால்தான். குருபரம்பரைக்காரர்கள் இதை அறிந்துதான் எழுதினார்கள் என்று நினைக்கிறேன்.

கெட்ட காலம் அதற்குப் பிறகுதான் வந்தது. சோழன் ஒருவன் வைணவர்களை வருத்தினான் என்றும், ராமாநுஜரைச் சபைக்கு அழைத்துவர ஆள் அனுப்பினான் என்றும் நூல்கள் கூறுகின்றன. கிருமிகண்டன் என்று அவனை ஏசுகின்றன. அவன் முதற் குலோத்துங்கனா, இரண்டாம் குலோத்துங்கனா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு. முதற் குலோத்துங்கன் காலத்தில் பெருமாள் கோயில்களும் எழுந்திருக்கின்றன; ஆகவே ஒரேயடியாகத் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. நூல்கள் சொல்லும் கதை இது: கூரத்தாழ்வான் ராமாநுஜரின் காவியுடையைத் தாம் உடுத்துக்கொண்டு, முதியவரான பெரிய நம்பியோடு சபைக்குப் போனார். ராமாநுஜர் வெள்ளுடை உடுத்து மேற்கே போய்விட்டார். சபையில் மறுத்துப் பேசியதற்காகக் கூரத்தாழ்வான் தம் கண்களை இழந்தார். பெரிய நம்பி திரும்பும் வழியிலேயே உயிர் நீத்தார்.

மேற்கே போனவர் போய்ச் சேர்ந்தது ஹொய்சள நாடு. அங்கே மேல்கோட்டையில், துளசி மண்டிக் கிடந்த காட்டைத் திருத்தி ஒரு கோயிலும் ஊரும் ஏற்படுத்தினார் என்பது அவ்வூர் வரலாறு. அவருக்கு விஷ்ணுவர்த்தன மன்னனின் ஆதரவு இருந்தது. பின்தொடர்ந்த அடியார்கள் இருந்தார்கள். பரமேசுவரவர்மன் கூரத்தில் செய்ததைப் போன்ற காரியம் அது. அரசன் கை இருந்தால் காடு ஊராகும்.

கூரத்தாழ்வானுக்கு அரசன் கை எங்கே? அவர் திருவரங்கம் திரும்பினார். கோயில் வாசலில் காவலர்கள் தடுத்தார்கள். ராமாநுஜரோடு சம்பந்தமுள்ளவர்களை உள்ளே விடக்கூடாது என்று உத்தரவு. “இவர் மிகவும் நல்லவர், இவரை விடலாம்” என்று அவர்களில் ஒருவன் இரக்கப்பட்டான். நல்லவன் என்பதற்காக எனக்கு ராமாநுஜ சம்பந்தம் இல்லையென்று ஆகுமானால், அப்படிப்பட்ட தரிசனம் எனக்கு வேண்டாம் என்று கண்ணிழந்த மனிதர் திரும்பி நடந்துவிட்டார். மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு திருமாலிருஞ்சோலைக்குப் போனார். மதுரைக்கு வடக்கே இன்று அழகர் கோயில் என்று சொல்கிறோமே, அந்த மலைச் சாரல்தான்.

‘அழைத்துக்கொண்டு’ என்று எழுதிவிட்டேன். யார் யாரை அழைத்துப் போயிருப்பார்கள்? முதல் பிரயாணத்தில் அவர் முன்னே நடந்தார். அவள் பயந்து பின்னே வந்தாள். இந்தப் பிரயாணத்தில் அவள் கைப்பிடித்து நடத்தியிருக்க வேண்டும், அவர் பின்னே வந்திருக்க வேண்டும். பயமுண்டோ என்று இந்தத் தடவை அவள் கேட்டதாக எந்த நூலிலும் இல்லை.

அந்த மலைச் சாரலில் அவர்கள் வருஷக்கணக்கில் இருந்தார்கள். அங்கே அவர் ‘சுந்தரபாகு ஸ்தவம்’ என்ற வடமொழித் துதியைச் செய்தார். அழகரைப் பாடும் அந்த நூலில் மலையும் மரங்களும் அருவியும் விரிவாக வருகின்றன. வனகிரி என்று மலையைக் குறிப்பிடுகிறார். கண்ணில்லாதவருக்கு மரத்தையும் அருவியையும் யார் சொல்லியிருப்பார்கள்? பிள்ளைகள் சொன்னார்களோ, ஆண்டாள் சொன்னாளோ! நூலின் முடிவில் அவர் வேண்டுவது தம் கண்களை அன்று. திருவரங்கம் பழைய சிறப்பை அடைய வேண்டும். பிரிந்தவர்கள் மறுபடி கூட வேண்டும். ஊர் இழந்தவன் கேட்பது எப்போதும் இதுதான்.

இந்தக் குடும்பத்துக்குப் பெயர் இருக்கிறது. எழுதிவைக்கச் சீடர்கள் இருந்தார்கள். பெயரில்லாமல் போன குடும்பங்கள் எத்தனை! செப்பேட்டில் அனந்தசிவாசாரியர் பெயர் இருக்கிறது. யானைக்கும் குதிரைக்கும் கூடப் பெயர் இருக்கிறது. பரமேசுவர தடாகத்தில் மண் சுமந்தவர்களுக்குப் பெயர் இல்லை. பன்னிரண்டு நூற்றாண்டு கழித்து, 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், செங்கற்பட்டுச் சீமையின் ஜனங்கள் கூலிக்கு மண் வெட்டினார்கள். அடையாற்றையும் கூவத்தையும் சேர்க்கும் கால்வாய் அவர்கள் வெட்டியதுதான். கால்வாய்க்குக் கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் வந்தது. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் கடல் தாண்டி மன்னாரில் இறங்கி, மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடந்து, இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் கணக்கில்லை. அவர்களில் ஒரு பெண் இடுப்பில் ஒரு செம்பு வைத்திருந்திருப்பாள். அதைப் பார்த்து மடியில் கனம் என்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தண்ணீர் முகக்க அது வேண்டும். மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டியிருப்பாள். இரவில் குழந்தைகளுக்கு ஊர்க் கதை சொல்லியிருப்பாள். செப்பேடு போட்ட கணக்கு அங்கேயும் பிசகவில்லை.

சோழன் இறந்த பிறகு ராமாநுஜர் திருவரங்கம் திரும்பினார். கூரத்தாழ்வானும் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். காஞ்சி வரதரிடம் கண்ணை வேண்டிக்கொள்ளும்படி குரு கட்டளையிட்டார். இவர் வரதர் முன் நின்று துதித்துவிட்டு, தமக்குக் கேடு சூழ்ந்த நாலூரானுக்கு நற்கதி வேண்டும் என்று கேட்டார். குருவுக்கு இதில் வருத்தம்தான். ஆனால் மறுபடி வாழத் தொடங்குகிறவன் பழைய பகையையும் வட்டிலைப் போலவே எறிந்துவிட வேண்டும் என்று அவர் தீர்மானித்திருந்தார் போலும். இந்தத் தடவை எறிந்தது சரியான பொருள்.

அவர்கள் கூரத்துக்குத் திரும்பி வந்து குடியிருக்கவில்லை. பராசர பட்டர் திருவரங்கத்திலேயே பெரிய ஆசாரியராக விளங்கினார். அந்தப் பட்டர் வமிசத்தவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். கார்த்திகை மாதம் கைசிக ஏகாதசி இரவில், அரங்கன் சந்நிதியில் கைசிக புராணம் வாசிப்பது அவர்களுடைய உரிமை. விடிந்ததும் வாசித்த பட்டரைப் பிரம்மரதம் என்ற மரியாதையோடு வீட்டுக்கு அழைத்துப் போவது முன்பு வழக்கமாக இருந்தது.

பரமேசுவரவர்மன் தன் ஊரின் 25 பங்கில் ஒன்றைக் கூரத்து மண்டபத்தில் கதை வாசிக்கக் கொடுத்தான். மண்டபத்தில் பாரதம் நின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பெரும்பிடுகு வாய்க்காலில் வந்த பாலாற்றிலும் வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான். ஆனால் கூரத்திலிருந்து வெறுங்கையோடு புறப்பட்ட ஒரு வீட்டின் வழி வந்தவர்கள், காவிரிக் கரையில், கூடியிருக்கும் ஜனங்களுக்கு விளக்கு வெளிச்சத்தில் கதை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.